போன வெள்ளத்தைக் கேளுங்கள்

கனமழை நீடித்தால் பிங்கா ஓயா பெருகி, கண்டிக்கு அருகிலுள்ள அக்குறணைக் கடைவீதிக்குள் வந்துவிடும். ஏ9 வீதியே தண்ணீருக்குள் கிடந்த நாட்கள் உண்டு. அங்குள்ள கடைக்காரர்களுக்காக ஒரு குழு வெள்ள எச்சரிக்கைச் செயலி செய்யப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். பாவிக்கப்போகிறவர்களைப் போய்ப் பார்ப்பதுதான் முதல் வேலை. இதற்குப் பெயர் பயனர் ஆய்வு.

போனதும், "இப்படி ஒரு ஆப் வந்தா பாவிப்பீங்களா நானா?" என்று கேட்காதீர்கள். தேடி வந்த பிள்ளைகளின் மனம் நோகக்கூடாதே என்று "ஓ, பாவிப்போமே" என்பார் கடைக்காரர். "போன முறை தண்ணி வந்த நேரம் என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். முதலில் தகவல் சொன்னது யார்? எந்தச் சாமானை முதலில் மேல்தட்டுக்கு ஏற்றினார்கள்? இரவில் கடை பூட்டியிருந்தால் சாவி யாரிடம்? சாவி வேலையாளிடம் என்றால், முதலாளியின் போனுக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்பிப் பயனில்லை.

ஒருவர் போய் வந்து அறிக்கை எழுத, மற்றவர்கள் வாசிப்பது என்று பல குழுக்கள் வைத்துக்கொள்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 'பயனர் சிரமப்பட்டார்' என்ற வரி யாரையும் உலுக்காது. ஈரக் கையோடு திரையை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு ஒருவர் போனைக் கீழே வைப்பதை, நிரல் எழுதுபவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். குழுவில் ஒவ்வொருவரும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை 2 மணி நேரமாவது பயனரை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார் அமெரிக்கப் பயனர் ஆய்வு நிபுணர் ஜெரெட் ஸ்பூல். அதற்காகக் கூட்டமாகப் போய் நிற்க வேண்டாம். ஒரு கடைக்கு இருவர் போதும்: ஒருவர் பேச, ஒருவர் எழுத. குறிப்பில் கேட்டதும் பார்த்ததும் ஒரு பக்கம், நம் ஊகம் மறுபக்கம். அன்று மாலையே எல்லோரும் கூடி அதைப் பேசிவிட வேண்டும்.

எத்தனை பேரைப் பார்ப்பது? ஒரு திரையிலுள்ள பெரும்பாலான குறைகளைக் கண்டுபிடிக்க 5 பேர் போதும் என்று அத்துறையின் இன்னொரு நிபுணர் யாக்கோப் நீல்சன் 2000இல் எழுதினார். ஆனால் ஒரே வரிசையிலுள்ள ஐந்து முதலாளிமார் ஊர் ஆகிவிடமாட்டார்கள். வேலையாள், சிங்களம் பேசும் அயல்கடைக்காரர், ஓயாக்கரை வீட்டுப் பெண்கள் எல்லோரும் வேண்டும்.

செய்த செயலியை மேசையில் வைத்துச் சோதித்தால் போதாது. 2004 சுனாமிக்குப் பிறகு லர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சர்வோதய இயக்கமும் இலங்கையின் 32 கரையோரக் கிராமங்களில் ஒத்திகை நடத்தித்தான் எச்சரிக்கைக் கருவிகளைச் சோதித்தன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடைகளுக்குப் போகாதீர்கள். பதிவு செய்யுமுன் அனுமதி கேளுங்கள், குறிப்பில் பெயர் வேண்டாம். செயலி தயாரானதும் அதே கடைகளுக்குப் போய், அவர்கள் சொன்னதில் எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள்.