இருவரை விட்டுக்கொடுக்காத அணி

அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் விரும்பி ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. அதன் பெயரும் கால்பந்துதான். ஆனால் அது நாம் ஆடும் கால்பந்து அல்ல. அந்தப் பந்து உருண்டையாக இருக்காது. இரு முனையும் கூராக இருக்கும். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். எதிர் அணியினர் மோதித் தடுப்பார்கள். ஓர் அணிக்கு 11 பேர்.

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் சான் பிரான்சிஸ்கோ என்ற நகரம் உள்ளது. அங்குள்ள சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் அணி சிறியது. 1951ஆம் ஆண்டில் அந்த அணி 9 ஆட்டங்கள் ஆடியது. ஒன்பதிலும் வென்றது!

ஆண்டு முடிவில் சிறந்த அணிகளைப் பெரிய போட்டிகளுக்கு அழைப்பார்கள். அழைப்பு வந்தால் புகழ் கிடைக்கும். பணமும் கிடைக்கும். பல்கலைக்கழகத்துக்குப் பணம் மிகவும் தேவைப்பட்டது. அணியை நடத்த ஆகும் செலவு கையைக் கடித்தது.

அந்தப் போட்டிகளில் பல, தென் மாநிலங்களில் நடந்தன. அங்கே அப்போது நிற வேற்றுமை சட்டமாகவே இருந்தது. கறுப்பின மக்களுக்குப் பள்ளி தனி. பேருந்தில் இடம் தனி. தண்ணீர்க் குழாயும் தனி.

இந்த அணியில் கறுப்பின வீரர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவர் ஆலி மேட்சன். மற்றவர் பர்ல் டோலர். இருவரையும் விட்டுவிட்டு வந்தால் போட்டியில் ஆடலாம் என்று அணிக்குச் சொல்லப்பட்டது.

அணியினர் என்ன செய்தார்கள்? மறுத்துவிட்டார்கள். ஆடினால் எல்லோரும் ஆடுவது. இல்லையென்றால் யாரும் ஆடுவதில்லை. இதுதான் அவர்கள் முடிவு. வெள்ளையின வீரர்களும் இதில் உறுதியாக நின்றார்கள்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரியது. அழைப்பு வரவில்லை. பணமும் வரவில்லை. செலவைத் தாங்க முடியாமல் பல்கலைக்கழகம் அந்த அணியையே கலைத்துவிட்டது.

ஆனால் வீரர்களின் திறமையை யாரும் கலைக்க முடியவில்லை. மேட்சன் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓடினார். ஒரு வெள்ளிப் பதக்கமும் ஒரு வெண்கலப் பதக்கமும் வென்றார். டோலருக்கு முழங்காலில் பலத்த அடி பட்டது. அவரால் தொடர்ந்து ஆட முடியவில்லை. ஆனாலும் அவர் ஆடுகளத்தை விடவில்லை. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியக் கால்பந்துக் கழக ஆட்டங்களில் நடுவர் ஆனார். அங்கே நடுவரான முதல் கறுப்பினத்தவர் அவரே.

ஒரு காலத்தில் நிறத்தைக் காட்டி அவரைத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். பிறகு எல்லா நிறத்து வீரர்களும் அவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார்கள்.

அந்த அணிக்கு அன்று கோப்பை கிடைக்கவில்லை. ஆனால் அது தலைநிமிர்ந்து நின்றது. கூட இருப்பவரை ஒதுக்கிவிட்டு வா என்று நம்மிடம் சொன்னால், நாம் என்ன செய்வோம்? கூடிப் பேசுங்கள்.