காலால் மிதித்தார்கள், கண்ணீரால் துடைத்தார்கள்!

ஜப்பான் நாட்டில் 250 ஆண்டுகள் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள்

ஜப்பானில், நாகசாகி நகரை அடுத்த ஊரகாமி கிராமம். புத்தாண்டு பிறந்து சில நாட்கள்தான் ஆகி இருக்கின்றன.

ஊர்த் தலைவர் வீட்டு முன்பு மக்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஆண்கள், பெண்கள், கிழவர்கள், கைக்குழந்தைகள். யாரும் விலக்கு இல்லை.

தரையில் ஒரு தகடு கிடக்கிறது. அதில் ஏசுநாதர் உருவம் இருக்கிறது.

ஒவ்வொருவராக வந்து அந்த உருவத்தைக் காலால் மிதிக்க வேண்டும். மிதித்தால் வீட்டுக்குப் போகலாம். மறுத்தால்? சிறை, சித்திரவதை, சாவு!

கைக்குழந்தையையும் விடமாட்டார்கள். தாய் அதன் காலைப் பிடித்துத் தகட்டின் மேல் வைக்க வேண்டும்.

இது ஒரு நாள் நடந்த கொடுமை அல்ல. ஆண்டுதோறும், 200 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. மிதிபட்டுத் தேய்ந்துபோன அந்தத் தகடுகள் சில, இன்றும் டோக்கியோ தேசியப் பொருட்காட்சிச்சாலையில் இருக்கின்றன.

அந்த வரிசையில் நாம் நின்றிருந்தால் என்ன செய்திருப்போம்?

மதத்துக்காகத் துன்பப்படுவதைப் பழைய தமிழ்க் கிறிஸ்தவர்கள் "வேத கலாபனை" என்பார்கள். அது வரும்போது ஒரு கிறிஸ்தவன் என்ன செய்ய வேண்டும்? சாக வேண்டுமா? சண்டை போட வேண்டுமா? ஓட வேண்டுமா? ஒளிய வேண்டுமா? இந்த நான்கையும் செய்து பார்த்தவர்கள் ஜப்பான் கிறிஸ்தவர்கள்.

சவேரியார் போட்ட விதை

நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1542-ம் ஆண்டு வந்து இறங்கி, மீனவ மக்களிடையே வேலை செய்தாரே, சவேரியார். அவர்தான் ஜப்பானுக்கும் போனார். 1549-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ந்தேதி, ககோஷிமா துறைமுகத்தில் கால் வைத்தார்.

அவருக்குப் பின் வந்த பாதிரிமாரின் வேலை வேகமாகப் பரவியது. சிற்றரசர்கள் சிலர்கூட ஞானஸ்நானம் பெற்றார்கள். 1600-ம் ஆண்டை ஒட்டி, கிறிஸ்தவர் தொகை சுமார் 3 லட்சம் இருக்கும் என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

ஆட்சியாளர்களுக்குப் பயம் பிடித்தது. "முதலில் பாதிரியார் வருவார், பின்னால் படை வரும்" என்று எண்ணினார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் பல நாடுகளைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. போர்ச்சுக்கீசிய வியாபாரிகள் ஜப்பானியரை அடிமைகளாக வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். கிறிஸ்தவச் சிற்றரசர்கள் சிலர், புத்த கோவில்களை இடிக்கவும் செய்தார்கள்.

ஆனால் தண்டனை யாருக்குக் கிடைத்தது? அடிமை வியாபாரிக்கு அல்ல. ஏழைக் குடியானவனுக்கும் மீனவனுக்கும்தான்!

26 சிலுவைகள்

ஹிதேயோஷி என்ற ஆட்சியாளர், 1587-ம் ஆண்டு பாதிரிமாரை வெளியேறச் சொல்லி உத்தரவு போட்டார். ஒன்பது ஆண்டு கழித்து, கிறிஸ்தவர்களைக் கைது செய்தார். அவர்களுடைய இடது காதின் நுனியை அறுத்தார்கள். கடும் குளிர்காலத்தில் ஊர் ஊராக நடத்தி, நாகசாகிக்குக் கொண்டு வந்தார்கள்.

1597-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந்தேதி, 26 பேரைச் சிலுவைகளில் கட்டி, ஈட்டியால் குத்திக் கொன்றார்கள்.

அவர்களில் ஒருவர் நம் நாட்டில் பிறந்தவர். பம்பாய்க்குப் பக்கத்தில் உள்ள வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியா. போல் மிக்கி என்ற ஜப்பானியர், சிலுவையில் இருந்தபடியே, தம்மைக் கொல்லுகிறவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார்.

தாமஸ் கோசாகி என்ற சிறுவனுக்கு 14 வயது. அவனும் அவன் தகப்பனாரும் சேர்ந்தே செத்தார்கள். வழியில் அவன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினான். எங்களுக்காகக் கவலைப்பட வேண்டாம், தம்பிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் கேட்டுக்கொண்டான். இன்னொன்றும் எழுதினான். சாகும்போது பக்கத்தில் பாதிரியார் இல்லாவிட்டாலும், செய்த பாவத்துக்காக மனதார வருந்தினால் போதும் என்பதே அது.

அந்தச் சிறுவன் எழுதிய அந்தப் புத்தி, பின்னால் ஒரு கூட்டத்தையே காப்பாற்றிய மருந்து ஆயிற்று. அதைப் பிறகு பார்ப்போம்.

வாள் எடுத்தவர்கள்

1614-ம் ஆண்டு, நாடு முழுவதும் கிறிஸ்தவ மதம் தடை செய்யப்பட்டது. பாதிரிமார் துரத்தப்பட்டார்கள். காட்டிக் கொடுத்தால் வெள்ளிப் பணம் பரிசு என்று பலகையில் எழுதி வைத்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்த கோவிலில் பெயர் பதிய வேண்டும் என்றார்கள்.

1637-ம் ஆண்டு, ஷிமபாரா பகுதிக் குடியானவர்கள் பொறுமை இழந்தார்கள். பஞ்சம் ஒரு பக்கம். தாங்க முடியாத வரி ஒரு பக்கம். மதத்துக்காக அடி ஒரு பக்கம். ஆயுதம் எடுத்தார்கள். அமகுசா ஷிரோ என்ற இளைஞனைத் தலைவனாக்கி, ஹாரா கோட்டைக்குள் புகுந்துகொண்டார்கள்.

1638-ம் ஆண்டு கோட்டை விழுந்தது. உள்ளே இருந்தவர்களை, பெண் பிள்ளை என்று பாராமல் வெட்டிக் கொன்றார்கள்.

26 பேருக்கு 1862-ம் ஆண்டு புனிதர் பட்டம் கொடுத்த கத்தோலிக்கத் திருச்சபை, ஷிமபாராவில் செத்தவர்களை வேதசாட்சிகள் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர்கள் பட்ட துன்பம் பொய் அல்ல. ஆனால் வாள் எடுத்தவர் வேதசாட்சி ஆக மாட்டார் என்பது திருச்சபையின் முடிவு.

மிதித்துவிட்டு அழுதவர்கள்

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? மிதித்தார்கள்!

ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போய், எல்லோரையும் போல் ஏசு உருவத்தை மிதித்தார்கள். பிறகு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, மண்டியிட்டு அழுதார்கள். நம் ஊர்க் கத்தோலிக்கர் "உத்தம மனஸ்தாபம்" என்று சொல்லும் செபம் உண்டல்லவா? செய்த பாவத்துக்காக மனம் நொந்து சொல்லும் செபம். அதை ஜப்பானிய மொழியில் ஓதினார்கள். சிறுவன் தாமஸ் தாய்க்கு எழுதியதும் இதைத்தான்.

1644-ம் ஆண்டுக்குப் பிறகு ஜப்பானில் அவர்களுக்கு வழிகாட்ட ஒரு பாதிரியார்கூட இல்லை. கோவில் இல்லை. வேத புத்தகம் இல்லை.

ஆனாலும் மதம் அழியவில்லை. ஒருவர் பண்டிகை நாட்களைக் கணக்கு வைத்துச் சொன்னார். ஒருவர் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். செபங்களை வாய்ப்பாடமாகத் தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தான். குழந்தையை ஏந்திய புத்த மதத் தெய்வமான கன்னோன் சிலையை வைத்து, மாதாவாக எண்ணி வணங்கினார்கள்.

ஏழு தலைமுறை போனது.

"மாதா சிலை எங்கே?"

ஜப்பான் வெளிநாட்டாருக்குக் கதவைத் திறந்தது. வெளிநாட்டார் கும்பிடுவதற்காக, நாகசாகியில் ஓரா என்ற இடத்தில் ஒரு கோவில் கட்டினார்கள்.

1865-ம் ஆண்டு மார்ச் 17-ந்தேதி. சுமார் 15 பேர் கோவில் வாசலில் வந்து நின்றார்கள். பெத்திழான் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கதவைத் திறந்து உள்ளே அழைத்துப் போனார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று எண்ணினார்.

யூரி என்ற பெண் அவர் அருகே வந்தாள். எங்கள் மனமும் உங்கள் மனமும் ஒன்றுதான் என்று மெதுவாகச் சொன்னாள். மாதா சிலை எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

பாதிரியார் திகைத்துப்போனார். 200 ஆண்டுகளுக்கு முன் செத்துப்போனதாக உலகம் எண்ணிய ஒரு திருச்சபை, அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தது!

மறுபடியும் சோதனை

சட்டம் இன்னும் மாறவில்லை. ஊரகாமி மக்கள், செத்தவருக்குப் புத்த பிக்குவை அழைத்துச் சடங்கு செய்ய மறுத்தார்கள். 1867-ம் ஆண்டு ஜூலை மாதம் 68 பேர் கைதானார்கள். சித்திரவதை தாங்காமல் பலர் பணிந்துவிட்டார்கள். செனேமோன் என்பவர் மட்டும் கடைசிவரை பணியவில்லை.

பணிந்தவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். சோறு இறங்கவில்லை. மறுபடியும் ஊர்த் தலைவரிடம் போய், தாங்கள் சொன்னதை வாபஸ் பெறுவதாகச் சொன்னார்கள்.

அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, கொடுமை மாறவில்லை. ஊரகாமி கிராமத்தார் சுமார் 3,400 பேர் நாடெங்கும் சிதற அடிக்கப்பட்டார்கள். 600 பேருக்கு மேல் செத்தார்கள். மேல்நாடுகள் கண்டித்தன. 1873-ம் ஆண்டு தடைப் பலகைகள் அகற்றப்பட்டன. மிஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள்.

அவர்கள் பழி வாங்கவில்லை. 1874-ம் ஆண்டு வயிற்றுக்கடுப்பு நோய் பரவியது. நாடு கடத்தப்பட்டுத் திரும்பிய இவானகா மாகி என்ற இளம் பெண், தோழிகளுடன் சேர்ந்து நோயாளிகளைக் கவனித்தாள். அனாதைக் குழந்தைகளை எடுத்து வளர்த்தாள்.

யார் சரி? யார் தவறு?

துன்புறுத்துகிறவர்களுக்காகச் செபம் செய்யச் சொன்னார் ஏசுநாதர். ஓர் ஊரில் துன்புறுத்தினால் அடுத்த ஊருக்கு ஓடவும் சொன்னார். ஆகவே சாவைத் தேடிப் போக வேண்டும் என்பது கிறிஸ்தவச் சட்டம் அல்ல. தப்பி ஓடுவது குற்றமும் அல்ல.

குற்றம் செய்து அடி வாங்கினால் அது வேத கலாபனை ஆகாது என்று பேதுரு எழுதி இருக்கிறார். அந்தப் பேதுருவே, ஏசுவைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவர், பிறகு அழுதவர். அவரைத்தான் ஏசு தம் மந்தைக்கு மேய்ப்பர் ஆக்கினார்.

சிலுவையில் செத்த 26 பேர் வீரர்கள். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மிதித்துவிட்டு அழுதவர்களைக் கோழைகள் என்று தள்ளிவிட முடியுமா? 1865-ல் கோவில் வாசலில் வந்து நின்றவர்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அல்லவா?

ஊரகாமி மக்கள் திரும்பி வந்ததும் ஒரு வேலை செய்தார்கள். காசு சேர்த்து, பழைய ஊர்த் தலைவரின் வீட்டை விலைக்கு வாங்கினார்கள். ஆண்டுதோறும் ஏசு உருவத்தை மிதித்த அதே இடம்!

அங்கே ஒரு கோவில் கட்டினார்கள். 1945-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந்தேதி விழுந்த அணுகுண்டு அதை நொறுக்கியது. 1959-ம் ஆண்டு மறுபடியும் கட்டினார்கள்.

பாட்டனும் பாட்டியும் நடுங்கிக்கொண்டு கால் வைத்த அந்த மண்ணில், பேரப்பிள்ளைகள் இன்று மண்டியிட்டுக் கும்பிடுகிறார்கள்.