போன நரசிம்மர் ஒன்று, வந்த நரசிம்மர் வேறு
ஆன்லைனில் பொம்மை விற்கும் குழுக்கள் ‘ரிட்டர்ன்’ மோசடியில் சிக்காமல் இருப்பது எப்படி?



நம் கூட்டமைப்பில் சில குழுக்கள் கொலு பொம்மை செய்து ஆன்லைனில் விற்று வருகின்றன. சந்தைக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், இடைத்தரகர் கமிஷன் வேண்டாம், சென்னை, பெங்களூரு என்று எங்கிருந்தும் ஆர்டர் வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் விற்ற பொருள் திரும்பி வரும்போது என்ன நடக்கிறது என்பதை நாம் இதுவரை வெளிப்படையாகப் பேசவில்லை. இந்த இதழில் அதைப் பேசுவோம்.

நடந்தது என்ன?

2024 நவராத்திரி சமயம். ஒரு குழுவைச் சேர்ந்த அக்கா ஒருவர் தசாவதார செட் ஒன்றை விற்றார். பத்து மண் பொம்மைகள். விலை 2,400 ரூபாய். பார்சல் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், ‘நரசிம்மர் உடைந்து வந்திருக்கிறது’ என்று வாங்கியவர் ரிட்டர்ன் போட்டார். விற்பனை நிறுவனம் உடனே அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பத்து நாள் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது.

அக்கா பெட்டியைப் பிரித்தார். ஒன்பது பொம்மைகள் அவர் செய்தவை. பத்தாவது நரசிம்மர் மட்டும் அவருடையது இல்லை. வர்ணம் மங்கிப் போயிருந்தது. அடிப்பாகத்தில் பல வருஷத்துத் தூசி கறுப்பாகப் படிந்திருந்தது. மூக்கு உடைந்திருந்தது.

“என் கையால பிசைஞ்ச மண்ணு எனக்குத் தெரியாதா? இது என் பொம்மையே இல்ல” என்றார் அக்கா.

ஆனால் நிறுவனம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ‘நீங்கள் அனுப்பிய பொம்மையின் படம் இருக்கிறதா?’ அக்காவிடம் இருந்தது விளம்பரத்துக்காக எப்போதோ எடுத்த படம் மட்டும். அந்தப் பெட்டியில் போன பொம்மையின் படம் இல்லை. கோரிக்கை தள்ளுபடி ஆனது.

பணம் போனதைவிடப் பெரிய சங்கடம் அடுத்த வாரக் கூட்டத்தில் வந்தது. “அவசரத்துல நீயே பழசை எடுத்து வச்சிட்டியோ என்னவோ?” என்று ஒருவர் கேட்டுவிட்டார். மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள். அடுத்த இரண்டு கூட்டத்துக்கு அக்கா வரவில்லை. உள்கடன் தவணையும் நின்றது. முகம் தெரியாத ஒருவர் செய்த காரியத்தால், பத்து வருஷமாக ஒன்றாகச் சேமித்த பெண்களுக்குள் சந்தேகம் வந்துவிட்டது. இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அதுதான்.

கொலு பொம்மையில் ஏன் இது நடக்கிறது?

கொலு வைக்கும் வீடுகளில் பொம்மை என்பது தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைக்கும் பொருள். பாட்டி வாங்கிய செட்டைப் பேத்தி படியில் வைப்பாள். வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்பது வழக்கம். பத்து பொம்மை செட்டில் ஒன்று உடைந்தால் செட்டே குறைபட்டுப் போகும். அந்த ஒன்று மட்டும் கடையில் கிடைக்காது.

பெரும்பாலானவர்கள் நேர்மையாக முழு செட்டையும் வாங்குகிறார்கள். ஒருசிலர் குறுக்கு வழி பார்க்கிறார்கள். நாம் தெரிந்துகொள்ள வேண்டிய மோசடி வகைகள் இவை:

1. மாற்றி அனுப்புவது: புது செட்டிலிருந்து நல்ல பொம்மையை எடுத்துக்கொண்டு, வீட்டில் இருந்த உடைந்த பொம்மையை அந்த இடத்தில் வைத்து அனுப்புவது.

2. கொலு முடிந்ததும் அனுப்புவது: ஒன்பது நாளும் படியில் வைத்துவிட்டு, ‘பிடிக்கவில்லை’ என்று திருப்பி விடுவது.

3. குறைவாக வந்தது என்பது: பத்து பொம்மை வாங்கிக்கொண்டு, எட்டுதான் இருந்தது என்று சொல்வது.

4. காலிப் பெட்டி: பொருளை வைத்துக்கொண்டு, எடைக்குக் கல்லையோ பழைய துணியையோ வைத்து அனுப்புவது.

5. பாதி பணம் கேட்பது: “சின்னக் கீறல் இருக்கு, ஆயிரம் ரூபாய் திருப்பிக் குடுங்க, இல்லேன்னா ஒரு ஸ்டார்தான் போடுவேன்” என்று மிரட்டுவது.

எல்லா ரிட்டர்னும் மோசடி இல்லை

இதை முதலில் மனதில் வைக்க வேண்டும். மண் பொம்மை வழியில் உடையும். நாமே தவறான செட்டை அனுப்பியிருக்கலாம். படத்தில் சிவப்பாகத் தெரிந்தது நேரில் ஆரஞ்சாக இருக்கலாம். அப்படி வந்தால் முகம் கோணாமல் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். மின்னணு வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் அதையே சொல்கின்றன. பொருள் குறைபாடாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால், விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. ஆகவே ‘நோ ரிட்டர்ன்’ என்று போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

அப்படியானால் நேர்மையான ரிட்டர்ன் எது, மோசடி எது என்று எப்படிக் காட்டுவது? ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தீர்ப்புச் சொல்லும் நபர் எங்கோ ஒரு ஊரில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார். நம் பொம்மையை அவர் கையில் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. நம் கண்ணீரும் அவருக்குத் தெரியாது. படமும் வீடியோவும் எழுத்தும்தான் அவருக்குத் தெரியும். ஆகவே அத்தாட்சி தயாரிப்பதும் பொம்மை செய்யும் வேலையில் ஒரு பகுதி.

பொம்மைக்கு அடையாளம்

ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் ஒரு எண் இருக்க வேண்டும். மண் பொம்மை என்றால் சூளையில் வைப்பதற்கு முன், ஈரமாக இருக்கும்போதே ஆணியால் எண்ணைக் கீறிவிடுங்கள். சுட்டபின் அதை அழிக்க முடியாது. காகிதக் கூழ் பொம்மைக்கு அடியில் அழியாத மையால் எழுதுங்கள். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினால் போதாது. அதை உரித்து வேறு பொம்மையில் ஒட்ட ஒரு நிமிஷம் ஆகாது.

ஒரு நோட்டுப் போட்டு, பொம்மை எண், செய்தவர் பெயர், உயரம், எடை, ஆர்டர் எண், அனுப்பிய தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். கணக்கு நோட்டு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலை இல்லை.

பெட்டி கட்டும்போது

வீடியோவை நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். வெட்டி ஒட்டிய வீடியோவை ஏற்கமாட்டார்கள். ஒருவர் கட்ட, இன்னொருவர் போனைப் பிடிக்கட்டும். வரிசை இப்படி இருக்கட்டும்:

* முதலில் ஆர்டர் எண் உள்ள சீட்டைக் காட்டுங்கள்.
* ஒவ்வொரு பொம்மையையும் முன், பின், அடி என்று திருப்பிக் காட்டுங்கள். அடியில் உள்ள எண் தெளிவாகத் தெரிய வேண்டும்.
* பத்து என்றால் பத்தையும் வாய்விட்டு எண்ணிப் பெட்டியில் வையுங்கள்.
* பெட்டியை மூடி டேப் ஒட்டி, டேப்பும் அட்டையும் சேருகிற இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போடுங்கள்.
* பெட்டியைத் தராசில் வைத்து எடையைக் காட்டுங்கள்.
* கடைசியாக முகவரிச் சீட்டை ஒட்டுவதையும் காட்டுங்கள்.

விளம்பரத்திலும் உண்மையை எழுதுங்கள். ‘கையால் வர்ணம் தீட்டியது; நிறத்தில் சிறு வித்தியாசம் இருக்கும்; உயரம் 8 அங்குலம்; மண்ணால் ஆனது’ என்று இருந்தால், பிறகு ‘சொன்னபடி இல்லை’ என்று சொல்வது கடினம்.

திரும்பி வந்த பெட்டியைத் தனியாகப் பிரிக்காதீர்கள்

இதுதான் முக்கியம். பெட்டி வந்ததும் பதற்றத்தில் கிழித்துப் பார்க்கத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பிரித்தபின் எடுத்த வீடியோவுக்கு மதிப்பு இல்லை.

கொண்டு வந்தவர் இருக்கும்போதே பெட்டியை நாலு பக்கமும் படம் எடுங்கள். பெட்டி நசுங்கியோ டேப் பிரிந்தோ இருந்தால், கையெழுத்துப் போடும் இடத்தில் அதைக் குறித்துவிடுங்கள். இன்னொரு உறுப்பினரைக் கூப்பிடுங்கள். பிறகு முகவரிச் சீட்டு, டேப், எடை ஆகியவற்றைக் காட்டி, வீடியோவை நிறுத்தாமல் பிரியுங்கள். பொம்மைகளை எண்ணுங்கள். அடியில் உள்ள எண்ணை நோட்டோடு சரிபாருங்கள்.

வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே விற்பனை நிறுவனத்தின் விற்பனையாளர் பக்கத்தில் இழப்பீட்டுக் கோரிக்கை போடுங்கள். இதற்கு அமேசானில் ‘சேஃப்-டி கிளைம்’ என்று பெயர். மற்ற நிறுவனங்களில் வேறு பெயர் இருக்கும். எத்தனை நாளைக்குள் போட வேண்டும் என்ற கெடு அங்கேயே இருக்கும். கெடு தாண்டினால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் பயனில்லை.

கோரிக்கையில் திட்டவோ புலம்பவோ வேண்டாம். ‘அனுப்பியது எண் 37 நரசிம்மர். திரும்பி வந்ததில் எண் இல்லை. அனுப்பிய எடை இவ்வளவு, வந்த எடை இவ்வளவு. இரண்டு வீடியோவும் இணைத்துள்ளோம்’ என்று நாலு வரி போதும். முதல் முறை தள்ளுபடி ஆனாலும் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

நாள் பார்த்து விற்பது

ரிட்டர்ன் போடக் கொடுக்கும் காலம் பத்து நாள் என்று வைத்துக்கொள்வோம். நவராத்திரிக்கு முதல் நாள் பொம்மை போய்ச் சேர்ந்தால் கொலு முழுவதும் அந்தப் பத்து நாளுக்குள் அடங்கிவிடும். ஆடி, ஆவணியிலேயே விற்றுவிட்டால், கொலு தொடங்கும் முன்பே அந்தக் காலம் முடிந்துவிடும். ஆகவே ஆர்டரை முன்கூட்டியே பிடியுங்கள். கடைசி வாரத்தில் விலை உயர்ந்த செட்டுகளை ஆன்லைனில் போடாமல், நேரடிக் கண்காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் நேரடியாக விற்பவர்களுக்கு

இங்கே நடுவில் நிறுவனம் இல்லை, நாமேதான் காவல். பணம் வந்ததா என்பதை வாங்குபவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் பாருங்கள். பொருள் திரும்பி வந்து, பிரித்துப் பார்த்த பிறகே பணத்தைத் திருப்புங்கள். எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கே அனுப்புங்கள். ‘தெரியாம கூடுதலா அனுப்பிட்டேன், மீதியை இந்த நம்பருக்குப் போடுங்க’ என்றால் உஷார். பணம் வாங்குவதற்கு நாம் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் அது நம் பணத்தை எடுக்கும் வேலை.

போலீசுக்குப் போகலாமா?

போகலாம். ஏமாற்றிப் பொருளைப் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின்படி குற்றம். போன் வழியாகப் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100. அதுவரை வீடியோவைப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். வாங்கியவரின் பெயர், முகவரி, போன் நம்பரை ஸ்டேட்டஸில் போட்டுத் திட்டாதீர்கள். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் சிக்கல் நமக்கு வரும்.

நட்டம் யார் தலையில்?

இதைப் பிரச்சினை வருவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். மேலே சொன்ன குழு 2025-இல் ஒரு தீர்மானம் போட்டது. விற்பனையில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் தனியாக எடுத்து வைப்பது. நோட்டும் வீடியோவும் சரியாக இருந்தால் நட்டம் அந்த நிதியிலிருந்து. இல்லையென்றால் பாதி குழு, பாதி பெட்டி கட்டியவர். எப்படியும் பொம்மை செய்தவருக்குக் கூலி நிற்காது.

அந்த வருஷ நவராத்திரியில் இரண்டு தகராறு வந்தது. ஒன்றில் எண் இல்லாத பொம்மை திரும்பி வந்தது. வீடியோவைப் பார்த்து நிறுவனம் பணம் கொடுத்தது. இன்னொன்றில் முகவரிச் சீட்டு வீடியோவில் விழவில்லை. பணம் கிடைக்கவில்லை. தீர்மானப்படி பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் இந்த முறை யாரும் யாரையும் சந்தேகிக்கவில்லை. நரசிம்மரைத் தொலைத்த அதே அக்காதான் இப்போது அந்த நோட்டை எழுதுகிறார்.

“பணம் போனா சம்பாதிச்சுக்கலாம். ‘நீ எடுத்தியா’ன்னு கேட்டாங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த நோட்டு” என்கிறார்.

எழுதாக் கடனுக்கு அழுதாலும் தீராது என்பார்கள். பெட்டிக்கும் அதுதான்.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் பொருள்களுக்கு அடையாள எண் போட்டிருக்கிறோமா?
2. பெட்டி கட்டும்போது வீடியோ எடுப்பது யார் பொறுப்பு?
3. ரிட்டர்ன் வந்தால் யார் முன்னிலையில் பிரிப்பது?
4. நட்டத்தைப் பகிர்வது பற்றித் தீர்மானம் எழுதியாகிவிட்டதா?

ஊக்குநர்கள் இதைக் குழுவில் வாய்விட்டுப் படித்துக் காட்டவும்.