கூந்தல் உதிர்வதும் ஒடிவதும்



தலை வாரும்போது சீப்பில் முடி சேர்ந்து வந்தால், எந்த எண்ணெயை வாங்கலாம் என்பதே நமக்கு முதலில் தோன்றும் எண்ணம். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த முடி வேரோடு உதிர்ந்ததா, இடையில் ஒடிந்ததா? இரண்டிற்கும் காரணம் வேறு; பரிகாரமும் வேறு.

இதனைக் கண்டறிவது எளிது. முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் வெண்ணிறமான சிறு குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் குட்டையாக இருந்தால் பெரும்பாலும் அது ஒடிந்தது.

நம் தலையில் ஏறக்குறைய 1,00,000 முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, சுமார் மூன்று மாதம் ஓய்ந்திருந்து, பின்பு விழுகிறது. ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பே. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

ஆயுர்வேதம் இதனை எவ்வாறு விளக்குகிறது? உண்ட உணவு இரசம், இரத்தம், மாமிசம், கொழுப்பு, எலும்பு என்று படிப்படியாகத் தாதுக்களாக மாறுகிறது. எலும்புத் தாதுவின் கழிவாக மயிர் தோன்றுகிறது என்பது அதன் கொள்கை. மயிர்க்கால்களில் பித்தம் வாதத்தோடு கூடி முடியை உதிர்க்கும். பின்னர் கபமும் இரத்தமும் சேர்ந்து அத்துளைகளை அடைக்கும் என்று சுசுருத சம்ஹிதை கூறுகிறது. வழுக்கைக்கு அந்நூல்கள் இட்ட பெயர் காலித்யம். எலும்பிலிருந்து மயிர் பிறக்கிறது என்பதை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஆனால் உணவும் இரத்தமும் குறைந்தால் அது கூந்தலில் தெரியும் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

முதலில் ஒடியும் முடியைப் பார்ப்போம். நனைந்த முடி ஊதி வலுவிழக்கிறது. விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் ஈரத் தலையைச் சீவி, இறுக முடிந்து, துணியால் கட்டிக்கொள்ளும் பழக்கம் தோட்டப்புறங்களில் உண்டு. அதுவே முடியை ஒடிக்கிறது. இறுக்கமான பின்னல் வேரையும் இழுத்து, நெற்றியோரத்து முடியைக் குறைக்கிறது. நாள்தோறும் தலைக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும் என்கிறது சரக சம்ஹிதை. தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே புகுந்து, அலசும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே தலை முழுகுவதற்கு முன் எண்ணெய் தேய்ப்பது நல்ல வழக்கமே.

கரிசலாங்கண்ணித் தைலத்தை வீட்டிலேயே காய்ச்சலாம். நம் வடிகால் ஓரங்களில் முளைக்கும் இச்செடியை மலாய்க்காரர்கள் 'ஊராங் ஆரிங்' என்பர். எண்ணெய் ஒரு பங்கு, இலைச்சாறு நான்கு பங்கு, அரைத்த இலை கால் பங்கு சேர்த்து, இளந்தீயில் நீர் வற்றும்வரை காய்ச்ச வேண்டும். அடியில் நிற்கும் கற்கத்தைத் திரித்துத் தீயில் காட்டினால் படபடவென வெடிக்காமல் எரிய வேண்டும். அதுவே சரியான பதம். இத்தைலம் முடியை மென்மையாக்கும். ஆனால் வழுக்கையில் முடி முளைப்பிக்கும் என்பதற்கு மனிதரிடையே போதிய சான்று இல்லை.

அடுத்து, வேரோடு உதிர்வது. கடுங்காய்ச்சலோ டெங்கியோ வந்து இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின்னும், பிள்ளை பெற்ற சில மாதங்களிலும் முடி கொத்தாக உதிரும். பெரும்பாலும் அது தானே நின்று, மீண்டும் வளரும். ஆனால் உதிர்வதோடு களைப்பும், மூச்சு வாங்குவதும், வெளிறிய கண் இமையும் சேர்ந்திருந்தால், இரத்தச் சோகை இருக்கக்கூடும். தைராய்டு சுரப்பியின் கோளாறும் முடியை உதிர்க்கும். இவற்றை எந்தத் தைலமும் தீர்க்காது. இத்தகைய தாய்மார்கள் எண்ணெய்க்குச் செலவிடும் பணத்தை வைத்துவிட்டு, அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காலம் கடத்தினால் போவது முடி மட்டுமன்று; கருவுற்ற தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து.

உணவில் முருங்கைக் கீரை, பருப்பு, முட்டை, நெத்திலி ஆகியவற்றைச் சேர்ப்போம். நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடன் இருந்தால் கீரையிலுள்ள இரும்புச் சத்து நன்கு சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடிப்பதோ அச்சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

பிள்ளைகளின் தலையில் வட்டமாக முடி கொட்டிச் செதிள் காணப்பட்டால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு எண்ணெய் தடவிக் காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பதிவில்லாத சில மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருந்தது கண்டறியப்பட்டுள்ளது. நம் நாட்டில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் உறையில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' என்று முடியும் எண் இருக்கும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பாரம்பரிய இந்திய மருத்துவத்தையும் அங்கீகரித்துள்ளது. ஆதலால் வைத்தியரிடம் செல்வோர் அவர் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தவறேதும் இல்லை.

எண்ணெய் முடியைக் காக்கும். உணவு வேரைக் காக்கும். எது குறைந்துள்ளது என்பதை முதலில் அறிந்து, பிறகு பரிகாரம் தேடுவோம்.