ஊர்ப்பேச்சும் ஏட்டுப்பதிவும்

மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு மாலைப்பொழுதில், செட்டிகுளத்திலிருந்து ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். முன்னர் என்னிடம் கல்வி பயின்ற மாணவி ஒருத்தியின் அன்னை அவர். மகளுக்கு நல்லதொரு சம்பந்தம் பேசி முடிந்து, நாள் குறிக்க வேண்டியதே எஞ்சியிருந்தது. ஆயினும் அவர் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம்.

“ஐயா, சாதகப் பொருத்தமெல்லாம் சரி. ஆனால், பொடியன் முந்தி ஏதோ வழக்கிலை கோடேறினவனாம் என்று ஊரிலை கதைக்கினம். அது மெய்யோ பொய்யோ என்று அறிய ஒரு வழி சொல்லுங்கோ” என்றார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. ஊர் வாயை மூட முடியாதுதான். ஆனால் அது சொல்வது உண்மையா என்று ஆராய வழி உண்டு. ஒருவரை ஆராய்ந்தே நம்பவேண்டும் என்பதற்காகத் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்து வைத்தார் திருவள்ளுவர். அவ்வாறு ஆராயப் புகுவோர் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை நம்மிற் பலர் அறியார். அன்று அத்தாய்க்குக் கூறியவற்றையே, ஏனைய குடும்பங்களுக்கும் நாளை தொழில் தேடிப் புறப்படவிருக்கும் மாணவர்க்கும் பயன்படும் என எண்ணி, இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பதிவேடு எங்கே உள்ளது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பல நகரங்கள் தமக்கெனத் தனிப் பொலிஸ் படையை வைத்திருக்கின்றன. அங்கே ஒரு சிறு நகரத்தின் குற்றப் பதிவுகளை அந்நகரத்திலேயே விசாரிக்கலாம். நமது நாட்டின் அமைப்பு வேறு. இங்கே பொலிஸ் சேவை நாடு முழுவதற்கும் ஒன்றே. வெங்கலச்செட்டிகுளம் பிரதேச சபைக்கு வீதியும் சந்தையும் நூலகமும் பொறுப்பேயன்றிக் குற்றப் பதிவேடு பொறுப்பன்று. ஆதலின் சபைக் கந்தோரின் வாயிலில் நின்று பயனில்லை.

நம்மவர் ‘பதிவு’ என்று பொதுவாகக் கூறுவது உண்மையில் மூன்று இடங்களிற் பிரிந்து கிடக்கிறது. முறைப்பாடு செய்யப்பட்ட செய்தி பொலிஸ் நிலையத்தின் தகவற் புத்தகத்தில் உள்ளது. வழக்கின் நடவடிக்கையும் தீர்ப்பும் அவ்வழக்கை விசாரித்த நீதிமன்றத்தின் பதிவறையில் உள்ளன. தண்டனை பெற்றோரின் விபரமும் கைவிரல் அடையாளமும் கொழும்பிலுள்ள பொலிஸ் குற்றப் பதிவுப் பிரிவில் உள்ளன. இந்த மூன்றாவது ஏற்பாட்டுக்கு ஆதாரமாயிருப்பது 1926ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புக் கட்டளைச் சட்டமாகும்.

இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவதே பெரும் பிழை. முறைப்பாடு வேறு, கைது வேறு, வழக்கு வேறு, தண்டனைத் தீர்ப்பு வேறு. குற்றவாளி என நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் சுற்றவாளியே என்று நமது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கூறுகிறது. யுத்த காலத்திலும் அதன் முடிவிலும் வன்னியில் எத்தனையோ பேர் தடுத்துவைக்கப்பட்டனர். பலர் புனர்வாழ்வு நிலையங்களில் இருந்து மீண்டனர். நீதிமன்றம் ஒன்று விசாரித்துத் தண்டனை விதித்தாலன்றி, அவர்களை ‘தண்டனை பெற்றவர்’ என்று அழைப்பது சட்டத்துக்கும் ஒவ்வாது, அறத்துக்கும் ஒவ்வாது.

கிராம அலுவலரின் சான்றிதழ்

முதற்படி நமது வீட்டுக்கு அண்மையிலேயே உள்ளது. 1963ஆம் ஆண்டில் விதானைமார் முறை ஒழிந்து கிராம சேவகர் முறை வந்தது. அவரே இன்றைய கிராம அலுவலர். மூத்தோர் வாயில் அவர் இன்னமும் ‘விதானையார்’தான். வதிவிடத்தையும் நன்னடத்தையையும் பற்றி அவர் வழங்கும் சான்றிதழில், விண்ணப்பகாரர் நீதிமன்றத்தாற் குற்றவாளியாகக் காணப்பட்டவரா என்னும் கேள்வியும் உண்டு. பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன் அது உள்ளூர் உத்தியோகங்களுக்கும் பிற தேவைகளுக்கும் பயன்படுகிறது. எனினும், கிராம அலுவலர் தாம் அறிந்ததையே எழுதுவார். நாடு முழுவதிலுமுள்ள பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து அவர் எழுதுவதில்லை.

பொலிஸ் தடையகற்றற் சான்றிதழ்

வெளிநாடு செல்வோர் அறிந்திருப்பது இதுவே. இதனை வழங்குவது கொழும்பிலுள்ள பொலிஸ் தலைமையகம். விண்ணப்பத்தை இப்போது இணையத்தின் வழியாகவே அனுப்பலாம். செட்டிகுளத்திலிருந்து புகைவண்டியேறிக் கொழும்புக்கு அலைய வேண்டிய அவசியமில்லை. தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளும், விண்ணப்பகாரர் வசித்த இடங்களின் விபரமும் வேண்டப்படும். வசித்த பகுதியின் பொலிஸ் நிலையமும் குற்றப் பதிவுப் பிரிவும் தத்தம் ஏடுகளைச் சரிபார்த்த பின்னரே சான்றிதழ் கிடைக்கும்.

வன்னி மக்களுக்கு இடர் தருவது இவ்விடமே. ஏனையோர் ஓரிரு முகவரிகளை எழுதி முடிப்பர். நம்மவரோ பிறந்த ஊர், இடம்பெயர்ந்த ஊர்கள், 2009இல் அடைக்கலம் புகுந்த முகாம், மீண்டு குடியேறிய ஊர் என ஒரு பட்டியலையே எழுத நேரும். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. இருந்தும், அங்கு வாழ்ந்த நாட்கள் ஒருவரது வரலாற்றினின்றும் மறைந்துவிடா. ஆகவே மாணவர்களே, நீங்கள் வாழ்ந்த முகவரிகளையும் ஆண்டுகளையும் பெற்றோரிடம் கேட்டு இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பெயரின் எழுத்து ஒன்றாயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரெழுத்துப் பிறழ்வால், ஒருவரின் பதிவு மற்றொருவர் தலையில் ஏறவும் கூடும்.

நீதிமன்றப் பிரதி

சந்தேகம் ஒரு குறிப்பிட்ட வழக்கைப் பற்றியதாயின், அதனைத் தீர்க்க வல்லது நீதிமன்றப் பதிவேடு ஒன்றே. நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடைபெறல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை. சில விசேட வழக்குகளுக்கே விலக்கு உண்டு. பார்வையிட உரிமையுள்ள ஒருவர் கேட்டால், உரிய கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு பகிரங்க ஆவணத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை வழங்க வேண்டும் என்று 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் விதிக்கிறது.

இதற்கு வழக்கிலக்கம், எதிரியின் பெயர், தீர்ப்பு வழங்கிய காலம் ஆகியன தெரிந்திருத்தல் நன்று. வழக்கு வவுனியா நீதவான் நீதிமன்றத்தில் நடந்ததாயின், அங்குள்ள பதிவாளரிடமே விண்ணப்பிக்கவேண்டும். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். வழக்காளியாகவோ எதிரியாகவோ இருந்தவர்க்குப் பிரதி பெறுவது எளிது. வேற்றார் கேட்பின், சட்டத்தரணி மூலம் மனுச் செய்வதே உசிதம்.

தகவல் அறியும் உரிமை

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகவே கேட்கலாம். தகவல் அலுவலர் அதனை எழுத்தில் வடிக்க உதவவேண்டும். ஏன் கேட்கிறாய் என்று காரணம் வினவ அவருக்கு அதிகாரமில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்படல் வேண்டும். மறுப்புக் கிடைத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதிலும் திருப்தியில்லையேல் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

இவ்வளவு வலிமை வாய்ந்த இச்சட்டத்துக்கும் எல்லை உண்டு. பொது நலனோடு தொடர்பற்ற பிறரது அந்தரங்கத் தகவலைக் கொடாது மறுக்க அதன் 5ஆம் பிரிவு இடமளிக்கிறது. சம்பந்தப்பட்டவர் எழுத்தில் இணங்கினால் அந்தத் தடை நீங்கும். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், குற்றங்களையும் குற்றத் தீர்ப்புகளையும் பற்றிய தரவுகளை விசேட பாதுகாப்புக்குரியவையாக வகுத்துள்ளது.

அயல்நாடுகளும் இத்தராசை இருபுறமும் நிறுத்தே பார்க்கின்றன. இந்தியாவில், முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் வெளியிடல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2016இற் கட்டளையிட்டது. ஆயினும் பாலியற் குற்றம் போன்ற உணர்வுபூர்வமானவற்றுக்கு விலக்களித்தது. இங்கிலாந்திலோ, சிறு தண்டனை பெற்றவர் குறிப்பிட்ட காலம் ஒழுங்காய் வாழ்ந்தால், அப்பழைய பிழையைப் பெரும்பாலான இடங்களிற் சொல்லாதிருக்க 1974ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உரிமை தருகிறது. அறியவும் வேண்டும், திருந்தியவன் வாழவும் வேண்டும் என்பதே இவற்றின் கருத்து.

நேரிற் கேட்டலே நேரிய வழி

இத்தனையும் கேட்ட அத்தாய், “அப்ப நான் எந்தக் கந்தோருக்கு முதலிலை போறது, ஐயா?” என்றார்.

“எந்தக் கந்தோருக்கும் வேண்டாம், அம்மா. அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். மறைவாக விசாரித்தீர்களென்று அவர் பின்னர் அறிந்தால், உங்கள் மகளின் வாழ்வில் அது ஒரு முள்ளாய்க் கிடக்கும். நேரிற் கேட்டு, வழக்கின் பிரதியை அவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். தம்முடைய பதிவைத் தாமே பெறுவது எவர்க்கும் எளிது” என்றேன்.

மூன்று கிழமை சென்று அவர் மீண்டும் வந்தார். கையில் நீதிமன்ற முத்திரை பதித்த இரு தாள்கள் இருந்தன. வேலி எல்லையில் எழுந்த சச்சரவொன்றில், தமையனோடு சேர்த்து அவ்விளைஞர்மீதும் வழக்குத் தொடரப்பட்டிருந்தது. அவர் சம்பவ இடத்திலேயே இருக்கவில்லை எனக் கண்டு நீதவான் அவரை விடுதலை செய்திருந்தார். ஊரார் வழக்கு நடந்ததை மட்டும் நினைவில் வைத்திருந்தார்களேயன்றி, தீர்ப்பைக் கேட்கத் தவறிவிட்டனர்.

“கேட்டவுடனே கோவிப்பார் எண்டு பயந்தன், ஐயா. அவரோ, ‘இதை ஒருதரும் என்னட்டை நேரிலை கேக்கேல்லை, மாமி, நீங்களாவது கேட்டியளே’ எண்டு சொன்னவர்” என்று கூறி அத்தாய் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அந்த இரு தாள்களும் அவருக்கு மருமகனைத் தந்தன. அவ்விளைஞருக்கோ தம் நற்பெயரையே மீட்டுத் தந்தன. தீர்ப்பு மாறாக இருந்திருந்தாலும், உண்மையை அறிந்து முடிவு செய்யும் வாய்ப்பு அக்குடும்பத்துக்குக் கிட்டியிருக்கும். வாசகர்களே, அடுத்த முறை ஒருவரைப் பற்றி ஊர் பேசக் கேட்டால், “வழக்கு என்ன?” என்பதோடு நின்றுவிடாமல் “தீர்ப்பு என்ன?” என்றும் கேளுங்கள். அதற்கு விடை தெரியாதவர் சொல்லும் கதையை, விடை தெரியும்வரை உங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே நிறுத்தி வையுங்கள்.