தில்லைவனம் இன்று எங்கே?

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் வரக் காரணம் தில்லை மரம். பதஞ்சலி முனிவரும் வியாக்கிரபாதரும் ஆடல்வல்லானின் திருநடனம் காணத் தவமிருந்த வனம் அது என்று தலபுராணம் உரைக்கிறது. ஊரைச் சூழ்ந்திருந்த அவ்வனம் இன்று இல்லை. தலவிருட்சத்தைக் காடாகக் காண விரும்பும் அன்பர்கள் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்று, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட பிச்சாவரத்தை அடைய வேண்டும். திருமுட்டம் பூவராகப் பெருமாள் மாசி மகத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கிள்ளை இதன் அருகில்தான் உள்ளது.

பிச்சாவரக் காடும் ஒரு காலத்தில் அழிவின் விளிம்பைத் தொட்டு மீண்டதே. ஆங்கிலேயர் ஆட்சியில் இக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து அடியோடு வெட்டினர். வெட்டிய இடத்தில் மரம் தானே முளைத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கு பொய்த்தது. நிழலிழந்த சேற்றுநிலம் வெயிலில் காய்ந்தது. ஈரம் வற்றியதும் மண் அமிழ்ந்து, தட்டுப்போல் குழிந்தது. ஓதத்தின்போது உட்புகுந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பு மட்டும் மண்ணில் தங்கியது. நீரில் மிதந்து வந்த விதைகள் அந்த உவர்நிலத்தில் வேரூன்ற இயலவில்லை.

மற்றொரு காரணம் வெகுதொலைவில் இருக்கிறது. கொள்ளிடம் காவிரியின் வெள்ளநீரை ஏந்திச் செல்லும் ஆறு. மேலே அணைகள் எழ எழ, கடலோரத்திற்கு வந்து உப்பைத் தணித்த நன்னீர் குறைந்தது. அலையாத்திக் காடு உப்பைத் தாங்குமே தவிர, உப்பை மட்டுமே உண்டு வாழாது. மீனும் இறாலும் குஞ்சு வளர்க்கும் இடம் இக்காட்டின் வேர்ப்புறம். காடு சுருங்கினால், ஆழமற்ற வாய்க்கால்களில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களின் அடுப்புதான் முதலில் அணையும்.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து ஒரு பரிகாரம் கண்டனர். குழிந்த நிலத்தில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். ஓதநீர் ஏறவும் வடியவும் வழி பிறந்தது, உப்பு தணிந்தது, கரைகளில் நட்ட வெண்கண்டல் கன்றுகள் தழைத்தன. நீருக்குப் போக்குவரவு அமைத்ததே இப்பணியின் உயிர்நாடி. வெறுமனே கன்று நட்டிருந்தால் அத்தனையும் பட்டுப்போயிருக்கும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. கடலை நேரே நோக்கிய மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்னும் மீனவர் குடியிருப்பு சிதைந்தது. காட்டிற்குப் பின்னிருந்த சிற்றூர்களில் சேதம் வெகுவாகக் குறைந்திருந்தது. காடே அலையை நிறுத்திவிட்டது என்பது மிகை. தொலைவும் மேட்டுநிலமும் துணைநின்றன. ஆயினும் அலையின் வேகத்தைக் காடு தணித்ததைக் கண்ட ஊரார், அதன்பின் மரத்தில் கத்தி வைக்கத் தயங்கினர்.

படகில் செல்வோர் பெரும்பாலும் காண்பது வாய்க்கால் ஓரத்துச் சுரபுன்னையையே. தில்லை, ஓதம் எப்போதாவது எட்டும் மேட்டுப்புறத்தில் நிற்கும். உதிருமுன் செந்நிறம் கொள்ளும் அதன் இலைகளே அடையாளம். பூசைக்கென்று கிளையை ஒடித்துவிடலாகாது. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஊறு செய்யும்.