காளிகேசத்துக்குப் போகுமுன்

கன்னியாகுமரி மாவட்டத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வன உயிரினச் சரணாலயம். 2008ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அந்தச் சரணாலயத்தின் பரப்பு சுமார் 402 சதுர கிலோமீட்டர். அசம்பு, வீரப்புலி, கீழமலை, மகேந்திரகிரி என்ற பழைய காப்புக்காடுகள் பலவும் அதற்குள் அடங்கும். விடுமுறை நாளில் இந்தக் காட்டுக்குள் இருக்கும் காளிகேசத்துக்கோ கோதையாற்றுப் பக்கமோ பைக்கிலும் வேனிலும் கிளம்புகிறவர்களில் பலர், சட்டம் தனியாகக் காத்துவரும் எல்லை ஒன்றுக்குள் நுழைகிறோம் என்பதை அறிவதில்லை. சோதனைச் சாவடியில் சீட்டு கேட்டால் எரிச்சல் வருகிறது. சாவடி இல்லாத குறுக்குவழி தெரிந்தவருக்கு நண்பர்களிடையே மதிப்புக் கூடுகிறது. உண்மையில் அந்த அனுமதிச் சீட்டு போகிறவரை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை, கொடுக்கிற அலுவலகத்தையும் கட்டுப்படுத்துகிறது. காட்டில் ஏதாவது நேர்ந்தால் கேள்வி கேட்கும் தகுதி அந்தச் சீட்டிலிருந்துதான் பிறக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 27ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழையக்கூடியவர்கள் யார் என்று வரையறுத்திருக்கிறது: பணியிலுள்ள அரசு ஊழியர், உள்ளே குடியிருக்க அனுமதி பெற்றவர், உள்ளே நிலத்தில் உரிமை உள்ளவர், பொதுச் சாலை வழியாகக் கடந்து செல்பவர், இவர்களில் முதல் மூவரைச் சார்ந்தவர்கள். மற்ற எவரும் 28ஆம் பிரிவின்படி அனுமதி பெற வேண்டும்; ஆய்வு, படம் எடுத்தல், சுற்றுலா ஆகியவை அதற்குரிய காரணங்களாக அங்கே சொல்லப்பட்டுள்ளன. ஆக, சாலையில் கடந்து போக உரிமை உண்டு. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடைக்கு இறங்கினால் அந்த விலக்கு அங்கேயே முடிந்துவிடும். ரப்பர் தோட்டம் என்றால் காடு இல்லை என்று நினைப்பதும் தவறு. கீரிப்பாறை, மணலோடை, கோதையாறு பகுதிகளில் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் காட்டோடு காடாகத்தான் இருக்கின்றன. விடியும் முன்பே வேலைக்கு வரும் பால்வடிப்புத் தொழிலாளர்கள் யானைக்குப் பயந்துதான் மரத்தடிக்குப் போகிறார்கள்.

உள்ளே போன பிறகு எது குற்றம் என்பதில்தான் அறியாமை அதிகம். இந்தச் சட்டத்தில் ஆயுதம் என்றால் துப்பாக்கி மட்டும் இல்லை. கத்தி, தூண்டில் முள், வலை, கண்ணி எல்லாம் அந்த வரையறைக்குள் வருகின்றன. சமைத்துச் சாப்பிடக் கொண்டுபோகும் வெட்டுக்கத்தியும், மீன்பிடிக்கும் தூண்டிலும், எழுத்து மூலமான முன் அனுமதி இல்லையென்றால் 31ஆம் பிரிவின்கீழ் சிக்கலைத் தேடித்தரும். தீ மூட்டிக் காட்டுக்கு ஆபத்து உண்டாக்குவதை 30ஆம் பிரிவு தடுக்கிறது. விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் 27ஆம் பிரிவிலேயே தடைசெய்யப்பட்டவை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பொதுவான தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழகம் முழுவதும் உள்ள தடை காட்டுக்குள்ளும் பொருந்தும். இன்னொரு கடமையும் உண்டு: உள்ளே குடியிருப்பவர் எவரும் தீயைக் கண்டால் அணைக்க உதவ வேண்டும், வன விலங்கு இறந்து கிடந்தால் தகவல் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்ற கேள்விக்குக் காட்டின் ஆபத்துகளே பதில். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நன்றாகப் பெய்யும் மலை இது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே உச்சியில் பெய்த மழை ஓடையில் திடீரென்று இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. காளிகேசத்துப் பாறைகளும் அதே மலைத்தொடரில்தான் இருக்கின்றன. பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறந்தால் கீழே திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை விதிப்பதும் இந்தக் காரணத்தால்தான். கோடையின் ஆபத்து வேறு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அவர்கள் சென்ற பாதைக்கு முறையான அனுமதி இருந்ததா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. மலையேற்றத்துக்கென்று தமிழகத்தில் தனி விதிகள் வந்தது அதற்குப் பிறகே. பாம்புக்கடியில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. மலைக்காட்டின் சருகுக்குள் கிடக்கும் சிறு குழிவிரியனின் விஷத்தை அது முறிப்பதில்லை. எந்தப் பாம்பு என்று பிடித்துப் பார்க்கவோ, கீறி இரத்தம் எடுக்கவோ, கயிற்றால் இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108 ஆம்புலன்ஸில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாமல் உள்ளே போனவர்களுக்கு அந்த உதவி தாமதமாகத்தான் வந்து சேரும். சீட்டில் எழுதிய பெயரும் நேரமும் பாதையும்தான் தேடுபவர்களுக்குத் துப்பு.

காடு மக்களின் சொத்து, அதைப் பார்க்க எதற்குக் கட்டணம், எதற்கு அனுமதி என்று கேட்பவர்கள் உண்டு. மக்களின் சொத்து என்பதாலேயே ஒருவர் அனுபவித்ததை அடுத்தவருக்குக் குறையாமல் விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணைக்கு நீர் வருவது இந்தக் காட்டிலிருந்து; நாஞ்சில் நாட்டு வயல் விளைவதும் அந்த நீரில். ஓடையில் உடைந்து கிடக்கும் மதுப்புட்டி யானையின் காலைக் கிழிக்கும், பிறகு மழையோடு கால்வாய்க்கு வரும். கட்டணம் அதிகம் என்ற குறையில் மட்டும் நியாயம் இருக்கலாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் காளிகேசம் – பாலமோர் பாதையும் ஒன்று. இணையத்தில் பதிவுசெய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு போகலாம். அதன் கட்டணத்தைக் குறை, மாணவர்க்குச் சலுகை கொடு என்று அரசிடம் கோருவது குடிமக்களின் உரிமை. கட்டணம் கூடுதல் என்பதற்காகப் பின்வழியில் நுழைவது அந்தக் கோரிக்கையையே பலவீனப்படுத்தும்.

இந்தக் காட்டின் பழங்குடிகளான காணிக்காரர்கள் உள்ளே நடக்கிறார்களே, எங்களுக்கு மட்டும் ஏன் தடை என்பது அடுத்த வாதம். சரணாலயம் என்ற பெயர் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அவர்களுக்கு அது வீடு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுடைய குடியிருப்பு, சாகுபடி, வனச் சிறுபொருள் சேகரிப்பு உரிமைகளை ஏற்றுக்கொண்டது. கூடவே காட்டையும் உயிரினங்களையும் காக்கும் பொறுப்பையும் அதிகாரத்தையும் கிராம சபைக்குத் தந்தது. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில், படகில் போய்ச் சேரும் குடியிருப்புகள்கூட உண்டு. அங்கே கேட்காமல் நுழைந்து வீட்டையும் பெண்களையும் குழந்தைகளையும் படம் பிடித்து வலையேற்றுவது, அடுத்தவர் முற்றத்தில் ஏறி நிற்பதற்குச் சமம். அவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் போவதுதான் முறை.

மூன்றாவது வாதம்தான் கனமானது. மலையை உடைத்துப் பாறையை லாரி லாரியாகக் கேரளத்துக்குக் கொண்டுபோகிறார்கள், அதைத் தடுக்காமல் குளிக்க வந்த இளைஞனிடம் அபராதம் கேட்பதா என்று மாவட்டத்தில் பலரும் கோபப்படுகிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் பெரிய மீறல் நடக்கிறது என்பது சிறிய மீறலுக்கு உரிமம் ஆகாது. பெரியதைத் தட்டிக் கேட்கும் கருவியும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது: வன உயிரினச் சட்டத்தை மீறிய எவர் மீதும், 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, சாதாரணக் குடிமகனே நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்யலாம் என்கிறது 55ஆம் பிரிவு. அப்படிச் சாட்சி சொல்ல வருகிறவர், நீங்கள் அங்கே எப்படிப் போனீர்கள் என்ற கேள்விக்குத் தலைகுனிய வேண்டியிருந்தால் வழக்கு அங்கேயே தளர்ந்துவிடும்.

இனி தீர்வுகள். சாவடியில் பணம் கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்கள்; ரசீது இல்லாத வசூல், லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் செய்யத் தகுந்தது. குற்றம் சாட்டினால் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். வழக்குக்குப் பதிலாக இணக்கத் தொகை பெறும் அதிகாரம், வன உயிரினச் சட்டப்படி துணை வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரிக்குத்தான் உண்டு. வனக் காப்பாளருக்கோ வனவருக்கோ இல்லை. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். கட்டணம் வாங்கிய இடத்தில் எச்சரிக்கைப் பலகை, மீட்புக் கயிறு, கழிப்பறை என்னென்ன செய்தார்கள், வசூலான தொகை என்ன ஆனது என்பதை 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். அனுமதி இருக்கிறது என்று சொல்லி அழைத்துப்போய் ஏமாற்றிய தனியார் சுற்றுலா நிறுவனத்தின் மீது 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு.

இந்த வழிகளில் பலவற்றுக்கும் கையில் ஒரு தாள் வேண்டும். களவாகப் போனவர் விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்கத் தயங்குவார், லஞ்சம் கேட்டால் கொடுத்துவிட்டு வருவார், குற்றத்தைக் கண்டாலும் வாய் திறக்க மாட்டார். ஆகவே அடுத்தமுறை மலைக்குக் கிளம்புமுன் மாவட்ட வன அலுவலகத்தில் விசாரியுங்கள். மழை எச்சரிக்கை வந்தாலோ, காட்டுத்தீக் காலத்தில் பாதையை மூடியிருந்தாலோ பயணத்தைத் தள்ளிவையுங்கள். கொண்டுபோன பொருள் அனைத்தையும் திரும்பக் கொண்டுவாருங்கள். சீட்டை வாங்குங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு அரசிடம் கணக்குக் கேளுங்கள்.